வில்லங்கம் இல்லாத பத்திரங்கள்

கேட்டவரின் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் மேற்குக் கரையில் வசித்த ஜப்பானியக் குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றி முகாம்களில் அடைத்தார்கள் என்று படித்திருக்கிறார். அந்த வீடுகளை அரசு பறிமுதல் செய்ததா, போர் முடிந்து வந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்ததா என்று கேட்கிறார். கூடவே கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: ‘கையில் பத்திரம் இருந்தால் கோர்ட்டுக்குப் போய் வாங்கியிருக்கலாமே?’ உண்மையான கேள்வி அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. பத்திரம் தன் பெயரில் பத்திரமாக இருக்கும்போதே ஒரு குடும்பம் வீட்டை எப்படி இழக்கிறது?

என்னைப் பற்றி இரண்டு வரி. தெற்குக் கலிஃபோர்னியாவில் 20 வருடத்துக்கும் மேலாக வில்லங்கம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஊரில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவர் என் தாத்தா. பேரன் கடல் தாண்டி வந்தும் அதே மாதிரிக் காகிதங்களைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே ஒரு வீடு கைமாறினால் யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார்கள், அடமானம் தீர்ந்ததா, வரி பாக்கி இருக்கிறதா என்று வருடம் வருடமாகப் பின்னால் போய்ப் பார்க்கவேண்டும். அப்படிப் போகும்போது 1942இல் அடிக்கடி கால் இடறும். அப்படி இடறியதால் தேடிப் படித்ததுதான் கீழே வருகிறது. நான் வழக்கறிஞர் இல்லை, வரலாற்றுப் பேராசிரியரும் இல்லை. பத்திரத்தில் இருப்பதை நிச்சயமாகச் சொல்வேன். இல்லாததை ஊகிக்கும்போது ஊகம் என்று சொல்லிவிடுகிறேன்.

சுருக்கமான பதில், அமெரிக்காவில் பொதுவாக அரசு அந்த வீடுகளைப் பறிமுதல் செய்யவில்லை. ‘உன் வீடு உன்னுடையதுதான், ஆனால் நீ அதில் இருக்கக்கூடாது’ என்றது. அதற்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்தது. மீதி வேலையை அக்கம்பக்கத்தவர்களும் பழைய சாமான் வியாபாரிகளும் வங்கித் தவணையும் பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் இன்றைக்கு அந்தக் காலத்துப் பத்திரங்களைப் புரட்டினால் ஜப்தி உத்தரவு எதுவும் கண்ணில் படாது. எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், சாட்சி, முத்திரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். சட்டப்படி ஒரு குறையும் சொல்லமுடியாது.

இது புரிய இன்னும் 30 வருடம் பின்னால் போகவேண்டும். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டத்தின்படி வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியேறிய பிறகு குடியுரிமை பெறலாம். ஜப்பானிலிருந்து வந்த முதல் தலைமுறைக்கு, அவர்கள் மொழியில் ‘இஸ்ஸெய்’, அந்தக் கதவு மூடியே இருந்தது. 1922இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. (அடுத்த வருடமே பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் இந்தியர்களுக்கும் அதே தீர்ப்பு. கலிஃபோர்னியாவில் நிலம் உழுத பஞ்சாபிகளும் இதே வலையில் சிக்கினார்கள்.) 1913இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது: குடியுரிமை பெறத் தகுதியில்லாத அன்னியர் நிலம் வாங்கக்கூடாது, விவசாய நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கும் எடுக்கக்கூடாது. ஜப்பானியர் என்ற சொல் அதில் எங்கும் கிடையாது. இந்தச் சாமர்த்தியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

ஒரு வழி இருந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளை பிறப்பாலேயே குடிமகன், ஆகவே பிள்ளை பெயரில் வாங்குவது. நம் ஊரில் பினாமி என்று முகம் சுளிப்பார்கள், ஆனால் இங்கே அது சட்டப்படியே செல்லும். ரிவர்சைட் நகரத்தில் ஜூகிச்சி ஹராடா என்பவர் வாஷிங்டன் என்ற பெயரில் ஒரு சாப்பாட்டுக்கடை நடத்திவந்தார். குடும்பம் ஒரு வாடகை விடுதியில் நெருக்கியடித்து இருந்தபோது ஒரு சிறு மகன் தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனான். நல்ல காற்றும் தோட்டமும் உள்ள வீடு வேண்டும் என்று 1915இல் லெமன் தெருவில் 1,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கி, அமெரிக்காவில் பிறந்த தன் மூன்று பிள்ளைகள் பெயரில் எழுதினார். அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் குழு போட்டு, அதிக விலை தருகிறோம், விற்றுவிடு என்றார்கள். ஹராடா மசியவில்லை. மாநில அரசு வழக்குப் போட்டது. 1918இல் தீர்ப்பு: பெற்றோர் வாங்கமுடியாது என்ற சட்டம் செல்லும், ஆனால் பெற்றோர் யாராக இருந்தாலும் பிள்ளைகள் குடிமக்கள், வீடு அவர்களுடையது. ஆக, ‘கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே’ என்பதற்கு ஒரு பதில் இது. போனார்கள், ஜெயிக்கவும் செய்தார்கள். அதே குடும்பத்துக்கு 24 வருடம் கழித்து என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த அளவு சொத்தும் கிடையாது. விவசாயிகளில் மிகுதியானவர்கள் குத்தகைக்காரர்கள். நகரத்தில் இருந்தவர்கள் சலவைக்கடை, காய்கறிக்கடை, சிறு விடுதி என்று வாடகைக் கட்டிடத்தில் தொழில் செய்தவர்கள். அவர்கள் இழந்தது செடியில் இருந்த விளைச்சல், அலமாரியில் இருந்த சரக்கு, வாடிக்கையாளர்கள். இவை எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவை. நான் புரட்டும் காகிதத்தில் அவர்களுடைய இழப்பு ஒரு வரிகூட இல்லை.

1941 டிசம்பர் 7 அன்று ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தின்மேல் ஜப்பான் குண்டு வீசியது. அன்று இரவே எஃப்பிஐ ஆட்கள் ஜப்பானிய மொழி ஆசிரியர்கள், புத்தமதக் குருமார், சங்கத் தலைவர்கள் என்று பட்டியல் வைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஜப்பானியக் குடிமக்களின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன, ஜப்பானிய வங்கிகளின் கிளைகள் இழுத்துப் பூட்டப்பட்டன. பல வீடுகளில் அப்பா இல்லை, பணமும் இல்லை. ஜப்பானிலிருந்து வந்த கடிதங்கள், புகைப்படங்கள், பொம்மைகள் எல்லாவற்றையும் பின்கட்டில் போட்டு எரித்தார்கள், சோதனையில் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று. வெளியேற்றம் 1942 வசந்தத்தில் தொடங்கியது என்று புத்தகங்கள் சொல்லும். வீடு காலியாக ஆரம்பித்தது டிசம்பர் ராத்திரியிலேயே என்பேன்.

1942 பிப்ரவரி 19 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066 எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். அதிலும் ஜப்பானியர் என்ற சொல் கிடையாது! ராணுவத் தளபதிகள் எந்தப் பகுதியையும் ராணுவப் பகுதியாக அறிவித்து, ‘எவரையும்’ அங்கிருந்து விலக்கலாம் என்று மட்டும் சொன்னது. அந்த எவரும் யார் என்பதை மேற்குக் கரைத் தளபதி ஜெனரல் டெவிட் முடிவு செய்தார். சுமார் 1,20,000 பேர், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். முதலில் ‘தாமாக’ உள்நாட்டுப் பக்கம் போகலாம் என்றார்கள். சுமார் 5,000 பேர் போனார்கள். உள்மாநிலங்கள் பலவும் எங்களுக்கு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டன. மார்ச் கடைசியில் அந்த வழியும் மூடி, இனி ராணுவம் சொல்லும் இடத்துக்குத்தான் என்றானது.

அப்போது தெருக் கம்பங்களில் ஒட்டிய அறிவிப்பைப் படமாகவாவது பார்த்திருப்பீர்கள். மொத்தம் 108 உத்தரவுகள், ஒவ்வொன்றும் ஒரு வட்டாரத்துக்கு. தொழில்முறையில் அதை ஒரு பத்திரத்தைப் படிப்பதுபோல வரி வரியாகப் படித்திருக்கிறேன். ‘ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும், அன்னியரும் அன்னியரல்லாதவரும்’ என்று ஆரம்பிக்கும். குடிமகனைக் குடிமகன் என்று எழுத எழுதியவருக்குக் கை கூசியிருக்கிறது, ஆகவே அன்னியரல்லாதவர். பிறகு எதை எடுத்துவரலாம் என்ற பட்டியல்: படுக்கை விரிப்பு, ஆனால் மெத்தை கூடாது. மாற்றுத்துணி. ஆளுக்கொரு தட்டு, கிண்ணம், கோப்பை, கத்தி, முள்கரண்டி. வளர்ப்புப் பிராணிகள் கூடாது. கையால் தூக்கிவர முடிந்த அளவுதான். எல்லாவற்றிலும் உரியவர் பெயரும் குடும்ப எண்ணும் தெளிவாக எழுதியிருக்கவேண்டும். அதற்கப்புறம் வருகிறது என் கண்ணை எப்போதும் நிறுத்தும் வரி: ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், பியானோ போன்ற பெரிய சாமான்களை அரசு கிடங்கில் வைத்துக்கொள்ளும், ‘முழுப்பொறுப்பும் உரிமையாளருடையதே’. பாதுகாப்பதாக வாங்கிக்கொண்டு, தொலைந்தால் நான் பொறுப்பில்லை என்பது. செருப்பு ஸ்டாண்டில் இப்படி எழுதிவைத்தால் ஒத்துக்கொள்ளலாம்.

இந்த அறிவிப்பு முதலில் ஒட்டப்பட்டது சியாட்டில் நகருக்கு எதிரே உள்ள பெய்ன்பிரிட்ஜ் தீவில், மார்ச் 24 அன்று. மார்ச் 30 அன்று 227 பேர் படகேறினார்கள். நடுவில் ஆறு நாள். அங்கே பெரும்பாலும் ஸ்ட்ராபெர்ரி தோட்டங்கள். பழம் பறிக்க இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. சில குடும்பங்கள் தங்களிடம் வேலைபார்த்த ஃபிலிப்பினோத் தொழிலாளர்களிடம் தோட்டத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பிற இடங்களில் கிளம்பும் நாள்வரை களையெடுத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். பயிரை அப்படியே விட்டால் நாசவேலையாகக் கருதப்படும் என்ற எச்சரிக்கை தலைக்குமேல் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தில் டெர்மினல் தீவு என்ற மீனவர் குடியிருப்புக்கு இந்த ஆறு நாளும் கிடைக்கவில்லை. பிப்ரவரி கடைசியில் கடற்படை கொடுத்த அவகாசம் 48 மணி நேரம். அங்கே இருந்தவர்கள் சுமார் 3,000 பேர், ஆண்களில் பலர் ஏற்கெனவே கைதாகியிருந்தார்கள். பழைய சாமான் வாங்குகிறவர்கள் லாரியோடு தெருமுனையில் காத்திருந்தார்கள். பின்னால் அந்த ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வீட்டைக் காட்ட ஒரு சுவர்கூட இல்லை. ‘பொதுவாகப் பறிமுதல் இல்லை’ என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விலக்கு.

சரி, விற்றவர்கள் என்ன விலைக்கு விற்றார்கள்? அடிமாட்டு விலைக்கு என்று அவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், நான் நம்புகிறேன். ஆனால் பத்திரத்தை வைத்து நிரூபிக்கமுடியுமா என்றால் கஷ்டம். அமெரிக்கக் கிரயப் பத்திரங்களில் விலையை எழுதும் வழக்கம் குறைவு. ‘10 டாலரும் மதிப்புள்ள பிற கைம்மாறும் பெற்றுக்கொண்டு’ என்று ஒரு சம்பிரதாய வரி இருக்கும். அன்றைக்குப் பத்திரத்தில் ஒட்டிய வரி முத்திரைகளைக் கணக்குப் பார்த்து விலையைத் தோராயமாகப் பிடிக்கலாம். அதிலும் ஒரு சிக்கல்: வாங்குகிறவர் பழைய அடமானத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்டால் அந்தத் தொகைக்கு முத்திரை கிடையாது. ஆகவே ஒட்டிய முத்திரை குறைவாக இருப்பதை மட்டும் வைத்து அநியாய விலை என்று நான் கையெழுத்துப் போட்டுச் சொல்லமாட்டேன். ஐஸ்பெட்டி, லாரி, தையல் இயந்திரம் போனதற்கோ இந்த அளவு தடயமும் கிடையாது.

விற்காமல் வைத்திருந்தால்? அங்கேதான் கணக்கு நெரிக்கும். வீடு அடமானத்தில் இருந்தால் மாதத் தவணை கட்டவேண்டும்; இல்லாவிட்டாலும் வருடா வருடம் சொத்துவரி. முகாமில் வேலை பார்த்தால் மாதச் சம்பளம் 12, 16 அல்லது 19 டாலர். டாக்டராக இருந்தாலும் 19தான். அதில் சோப்பும் செருப்பும் வாங்கி மிச்சத்தில் தவணை கட்டவேண்டும். ஆகவே வாடகைக்கு விடவேண்டும், அதற்கு நம்பகமான ஒரு ஆள் வேண்டும், அவர் பெயருக்குப் பவர் எழுதிக்கொடுக்கவேண்டும். 1942ஆம் வருடத்துப் பதிவேடுகளில் ஜப்பானியப் பெயர்களுக்கு எதிரே இந்தப் பவர் பத்திரங்கள் வரிசையாக வரும். கோவில் நிர்வாகி, சர்ச் பாதிரியார், பக்கத்துக் கடைக்காரர், பழைய வாத்தியார். ஒரு சமூகத்தின் நல்ல நண்பர்கள் யார் யார் என்று ஒரே வாரத்தில் எடுத்த கணக்கெடுப்புபோல இருக்கும். அதில் எத்தனை பேர் கடைசிவரை நல்லவர்களாக இருந்தார்கள் என்பது பதிவேட்டில் வராது. இரண்டு வருடம் கழித்து அதே பவரை வைத்து விற்ற கிரயமும் சில இடங்களில் வரும். குடும்பமே விற்கச் சொல்லிக் கடிதம் எழுதியதா, பவர் வாங்கியவர் தன்னிச்சையாக விற்றாரா என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது.

நல்லவராகவே இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். சாக்ரமெண்டோ பக்கத்தில் ஃபுளோரின் என்ற ஊர், அங்கே விவசாய இன்ஸ்பெக்டராக இருந்தவர் பாப் ஃபிளெட்சர். மூன்று ஜப்பானியக் குடும்பங்களின் 90 ஏக்கர் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டார். ஊரில் திட்டு வாங்கினார். ஒருமுறை கொட்டகைக்குள் துப்பாக்கிக் குண்டே வந்து விழுந்தது. தோட்டக்காரர்களின் வீடு காலியாக இருந்தும் அதில் தங்கவில்லை, கூலியாட்களின் கொட்டடியில் படுத்தார். தவணையும் வரியும் கட்டினார். லாபம் முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லியும் பாதிதான் எடுத்தார், மீதியை வங்கியில் போட்டுவைத்தார். 1945இல் அவர்கள் திரும்பியபோது அவர் மனைவி வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். 101 வயது வாழ்ந்து 2013இல் இறந்தார். இந்தக் கதையை இங்கே பலரும் ஆறுதலாகச் சொல்வார்கள். எனக்கு இது வேறு மாதிரித் தெரிகிறது: மூன்று குடும்பங்களின் சொத்து தப்பிக்க ஒருவர் வேலையை விட்டு, மூன்று வருடம் திட்டும் மிரட்டலும் தாங்கவேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

வாங்கத் துடித்தவர்கள் பக்கத்தையும் மறைக்கவேண்டியதில்லை. கலிஃபோர்னியாவின் சாலினாஸ் பகுதிக் காய்கறி விவசாயிகள் சங்கத்தின் பிரதிநிதி ஒருவர் 1942 மே மாதம் ஒரு பிரபல வாரப் பத்திரிகையில் வெளிப்படையாகவே சொன்னார்: சுயநலத்துக்காக ஜப்பானியர்களை ஒழிக்கப் பார்ப்பதாக எங்கள்மேல் குற்றம் சொல்கிறார்கள், நேர்மையாகச் சொல்வதென்றால் அது உண்மைதான். பாதுகாப்புக்காகத்தான் என்று அரசு சொன்னதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜப்பானுக்கு இன்னும் பக்கத்தில், குண்டு விழுந்த இடமான ஹவாயில், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஜப்பானிய வம்சாவளியினர். அங்கே எல்லோரையும் மொத்தமாக வெளியேற்றவில்லை. வெளியேற்றினால் தீவில் வேலை செய்ய ஆள் இருந்திருக்காது.

ஹராடா குடும்பத்துக்கு வருவோம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டுக்கு மாடி கட்டியாயிற்று, 1918 தீர்ப்பு கையில் இருக்கிறது. 1942 மே மாதம் ரிவர்சைட் முறை வந்தது. தீர்ப்பு வீடு யாருடையது என்றுதான் சொன்னது. அதில் யார் தூங்கலாம் என்பதை ராணுவம் சொன்னது. கிளம்பும் முன் கடைசி மகன் ஹரால்ட், படுக்கையறைச் சுவரில் தாங்கள் வெளியேற்றப்பட்ட தேதியை எழுதிவைத்தார்: 1942 மே 23, சனிக்கிழமை, காலை 7 மணி. அந்த எழுத்தை அழியாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். என் தொழிலில் நான் பார்த்த எந்தப் பதிவிலும் ஒரு குடும்பம் வீட்டைவிட்டுப் போன மணி நேரம் இல்லை; அதைச் சுவர்தான் வைத்திருக்கிறது. ஜெஸ் ஸ்டெப்ளர் என்ற குடும்ப நண்பர் வீட்டைப் பார்த்துக்கொண்டார். ஜூகிச்சியும் அவர் மனைவி கென்னும் யூட்டா பாலைவனத்து டோபாஸ் முகாமிலேயே இறந்துபோனார்கள். மகள் சுமி 1945இல் திரும்பி வந்து கதவைத் திறந்தார். திரும்பிப் போக இடமில்லாத மற்ற குடும்பங்களை அந்த வீட்டிலேயே குடிவைத்தார். 1990களின் கடைசிவரை அங்கேயே இருந்தார். இப்போது அது தேசியச் சின்னம்.

முகாம்களைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் வீட்டை விட்டவர்கள் எதில் போய் விழுந்தார்கள் என்று தெரியாமல் வீட்டின் அருமை தெரியாது. முதலில் குதிரைப் பந்தய மைதானங்கள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து சாண்டா அனிட்டாவில் 18,000 பேருக்குமேல் அடைத்தார்கள். பல குடும்பங்களுக்குக் கிடைத்தது சுண்ணாம்பு பூசிய குதிரை லாயம், வெயில் ஏற ஏறச் சாணி நாற்றம் எழும். சில மாதம் கழித்து பாலைவனங்களிலும் சதுப்புக் காடுகளிலும் கட்டிய பத்து முகாம்கள். ஒரு குடும்பத்துக்குத் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகையில் ஒரு அறை, ஒரு பல்பு, ஒரு அடுப்பு, வைக்கோல் திணித்த மெத்தை. கழிப்பறை பொது, ஆரம்பத்தில் தடுப்பு கிடையாது. அரசாங்கம் இதற்கெல்லாம் வைத்த பெயர் ‘இவாகுவேஷன்’, அதாவது ஆபத்திலிருந்து அப்புறப்படுத்தல், ஏதோ வெள்ளத்திலிருந்து மீட்டதுபோல.

1944 டிசம்பரில் தடையை நீக்கினார்கள். முகாமைவிட்டுப் போனவர்களுக்கு ரயில் டிக்கெட்டும் 25 டாலரும். திரும்பிய ஊரில் கிடங்கு உடைக்கப்பட்டிருக்கும், கோவில் நிலவறையில் வைத்த பெட்டி காலியாக இருக்கும், வாடகைக்கு இருந்தவர் காலி செய்யமாட்டேன் என்பார். சியாட்டிலில் பனாமா ஓட்டல் என்ற விடுதியின் நிலவறையில் அன்றைக்கு வைத்துவிட்டுப் போன பெட்டிகளில் சில, பல பத்து வருடங்கள் கழித்தும் கேட்பாரில்லாமல் கிடந்தன. புதிதாக வீடு வாங்கலாம் என்றால் ‘காகேசிய இனத்தவர் அல்லாதவர் குடியிருக்கக்கூடாது’ என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கும். 1948இல் உச்ச நீதிமன்றம் அதற்குப் பல்லைப் பிடுங்கியது. ஆனால் அந்த வரிகளை இன்றும் நான் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். இது போதாது என்று, பிள்ளை பெயரில் வாங்கிய நிலங்களை ‘இது அப்பன் பணம், சட்டத்தை ஏமாற்றியது’ என்று சொல்லிக் கலிஃபோர்னியா அரசு பறிக்கவும் வழக்குப் போட்டது. ஓயாமா என்ற பையனின் வழக்கில் 1948இல் உச்ச நீதிமன்றம் தடுத்தபிறகே அது தணிந்தது.

நஷ்ட ஈடு கிடைத்தது, ஆனால் எப்படி என்று பாருங்கள். 1948இல் ஒரு சட்டம் வந்தது. சுமார் 26,000 மனுக்கள், கேட்டது 14 கோடியே 80 லட்சம் டாலர், கொடுத்தது சுமார் 3 கோடியே 70 லட்சம். ரசீது இல்லாத சாமானுக்கு ரசீது கேட்டார்கள். இழந்த சம்பாத்தியம், வட்டி எதுவும் கணக்கில் இல்லை. மொத்த இழப்பு 40 கோடி டாலர் என்றும், அது மத்திய வங்கியின் மதிப்பீடு என்றும் இணையத்தில் பல இடங்களில் இருக்கும். தயவுசெய்து அதை அப்படியே எடுக்காதீர்கள், அதன் பின்னால் உள்ள கணக்கைத் தேடியவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அமைத்த ஆணையத்துக்காக 1983இல் செய்த ஆய்வு, வருமானமும் சொத்துமாக 1945ஆம் வருட மதிப்பில் 14.9 கோடி முதல் 37 கோடி டாலர் வரை என்று சொன்னது. எண்ணின் அகலமே அது எவ்வளவு தெளிவற்றது என்று காட்டுகிறது, அதனாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை அதிகம். 1988இல் அரசு மன்னிப்புக் கேட்டு, அப்போது உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் போட்டது. 82,000 பேருக்குமேல் வாங்கினார்கள். ஜூகிச்சி போன்றவர்கள் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

‘அரசே பறித்ததா’ என்ற கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொல்லவேண்டிய நாடு கனடா. அங்கே பசிபிக் கரையிலிருந்து சுமார் 22,000 பேரை வெளியேற்றினார்கள். வீடு, நிலம், படகு எல்லாம் ‘எதிரிச் சொத்துப் பாதுகாவலர்’ என்ற அதிகாரியின் பொறுப்பில் போனது. பாதுகாத்துத் திருப்பித் தருவோம் என்றார்கள். 1943 ஜனவரியில், உரிமையாளரைக் கேட்காமலே விற்கலாம் என்று ஆணை போட்டு விற்றும்விட்டார்கள். அந்தப் பணத்தில் கழிவுகளையும், அவர்களைத் தடுத்துவைத்த செலவில் ஒரு பகுதியையும் பிடித்துக்கொண்டார்கள். கரைக்குத் திரும்ப அனுமதித்தது போர் முடிந்து மூன்றரை வருடம் ஆகி, 1949 ஏப்ரலில். திரும்பி வர அதற்குள் எதுவும் மிச்சமில்லை. (பிரிட்டிஷ் இந்தியாவும் இதில் ஒரு ஓரத்தில் உண்டு: மலாயா, சிங்கப்பூரில் இருந்த ஜப்பானியக் குடும்பங்களைக் கப்பலேற்றி டெல்லியின் பழைய கோட்டையிலும் பிறகு ராஜஸ்தானின் தேவ்லியிலும் அடைத்துவைத்தார்கள். அது தனிக்கதை.)

இனி கோர்ட் விஷயம். போனார்கள். வெளியேற மறுத்த ஃப்ரெட் கோரமாட்சுவின் வழக்கில் 1944 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே நாள், விசுவாசமான குடிமகளை முகாமில் பிடித்துவைக்க அதிகாரமில்லை என்று மிட்சுயே எண்டோவின் வழக்கில் சொன்னது. ஆனால் இரண்டுமே ஆளைப் பற்றிய வழக்குகள். வீட்டைப் பற்றி வழக்குப் போட என்ன இருந்தது? வாங்கியவர் காசு கொடுத்திருக்கிறார், விற்றவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நோட்டரி முத்திரை வைத்திருக்கிறார். யார் கழுத்தில் கத்தி வைத்தது என்று எந்த நீதிபதியிடம் காட்டுவது?

இந்த வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பழத்தோட்டத்தின் பழைய கிரயம் என் மேஜைக்கு வந்தது. தோட்டம் இருந்தது கடற்கரைப் பக்கம். கையெழுத்துச் சரிபார்த்த நோட்டரியோ, இருநூறு மைல் தள்ளி மலைக்கு அந்தப்பக்கம், இன்யோ கவுண்டி என்ற மாவட்டத்துக்காரர். தோட்டம் விற்க ஏன் அவ்வளவு தூரம் போனார் என்று புரியாமல் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். அவர் தேதியைப் பார்த்தார், 1943. ‘மன்சனார் முகாம் இன்யோவில்தான் இருக்கிறது’ என்றார், அவ்வளவுதான். கையெழுத்து நடுக்கமில்லாமல், பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட ஆங்கில எழுத்தில் அழகாக இருந்தது. சொத்து கைமாறிய சங்கிலியில் எங்கும் விட்டுப்போகவில்லை, அடமானம் தீர்ந்திருந்தது, வரி பாக்கி இல்லை. அன்று சாயங்காலமே, சொத்தின்மேல் வில்லங்கம் எதுவும் இல்லை என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.